மூடி போட்ட கஞ்சி

நாரா நகரத்துப் பழைய பேட்டையான நாராமாச்சியில் வெயில் ஏறும்வரை தூங்குகிறவர் யாரும் கிடையாது. மான் அங்கே சாமிக்குச் சொந்தமான மிருகம். ஒரு காலத்தில் வீட்டு வாசலில் மான் செத்துக் கிடந்தால் அந்த வீட்டுக்காரன் தலைக்குத்தான் ஆபத்தாம். அதனால் ஊரே இருட்டு பிரியும் முன் எழுந்து கதவைத் திறந்து பார்த்து, மான் கிடந்தால் சத்தம் போடாமல் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளிவிட்டு வந்து படுக்குமாம். என்ன நல்ல மனசு பாருங்கள்! இப்போது மான்கள் வெளியூர்க்காரர்கள் நீட்டும் பிஸ்கட்டைத் தின்று கொழுத்துத் திரிகின்றன, அவற்றுக்குச் சாக நேரம் ஏது? சீக்கிரம் எழும் பழக்கம் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

கிகுனோவும் அப்படித்தான் எழுந்து வாசல் கதவைத் தள்ளித் திறப்பாள். மான் கிடக்கிறதா என்று பார்க்க அல்ல, ஆள் வந்து நிற்கிறாரா என்று பார்க்க. எட்டு வருஷத்துக்கு முன் இதே இலையுதிர் காலத்தில் அவள் புருஷன் தெய்ஜி யோஷினோ மலைக்குக் காளான் பறிக்கப் போனார். கூடையை மாட்டிக்கொண்டு, "சாயங்காலம் சோத்துல காளான் போட்டுப் பொங்கலாம், அரிசியை ஊறப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். போலீஸ் தேடியது, தீயணைப்புக்காரர்கள் தேடினார்கள், நாய் தேடியது. கூடைகூடக் கிடைக்கவில்லை. ஊறப் போட்ட அரிசி புளித்ததுதான் மிச்சம்.

மரச்சட்டம் அடித்த முகப்பும், உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும் ஒடுங்கிய கட்டும் உள்ள அந்தப் பழைய வியாபாரி வீட்டை இருவருமாகத்தான் விடுதியாக்கினார்கள். மாடியில் இரண்டு அறை. கீழே, நடுமுற்றத்துத் தோட்டத்தைப் பார்த்தபடி சாப்பாட்டு அறை. முகப்புக் கூரை விளிம்பில் எல்லா வீட்டையும் போலவே சிவப்புத் துணிக் குரங்குகள் தொங்கின. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை குரங்கு. வீட்டாருக்கு வரும் கெட்டதை அவை வாங்கிக்கொள்ளும். கிகுனோ வீட்டில் இரண்டு தொங்கின. தெய்ஜியின் குரங்கு மழையிலும் வெயிலிலும் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. புதுசாகத் தைத்து மாட்டவும் மனசில்லை, எடுத்துப் போடவும் மனசில்லை.

காலையில் அவளுக்கு இரண்டு படையல் வேலை. முதலில் புத்தர் மாடத்துக்கு. மாமனார் மாமியார் படங்களுக்கு முன் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் புதுச் சோறு வைப்பாள். அதற்கு மூடி கிடையாது. செத்தவர்களுக்குச் சோற்றின் மணமும் ஆவியும்தான் ஆகாரம், மூடினால் எப்படிச் சாப்பிடுவார்கள்? அதனால்தான் மாடத்திலிருந்து இறக்கிய சோற்றை வாயில் போட்டால் சப்பென்று இருக்கும். ருசியெல்லாம் அவர்களுக்கு, சக்கை நமக்கு.

அடுத்தது தெய்ஜிக்கு. சாப்பாட்டு அறையில் தோட்டத்தை ஒட்டி அவருடைய நீல மெத்தை போட்டிருக்கும். அதற்கு முன் ஒரு சின்ன மேஜைத் தட்டு. வறுத்த தேயிலையில் கொதித்த கஞ்சி, சாராய மண்டியில் ஊறிய வெள்ளரி ஊறுகாய் இரண்டு துண்டு, எடுத்துச் சாப்பிடக் குச்சிகள். கஞ்சி கருப்பு அரக்குக் கிண்ணத்தில் இருக்கும், மேலே மூடி. உயிரோடு இருக்கிற மனுஷன் எந்த மலையில், எந்த ஊரில் அலைந்தாலும் வீட்டில் அவன் இடத்தில் சாப்பாடு வைத்தால் அங்கே அவன் வயிறு காயாது. சூடு ஆறக் கூடாது என்றுதான் மூடி. கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் தூக்கி உட்புறத்தைப் பார்க்க வேண்டும். நீர் கோத்திருந்தால் ஆள் சுகமாக இருக்கிறான். காய்ந்திருந்தால் போயிற்று.

எட்டு வருஷமாக ஒரு நாள்கூடக் காய்ந்ததில்லை. "இருக்கார்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மூடியை மறுபடி வைப்பாள். மத்தியானம் அந்தக் கஞ்சியைத்தான் சாப்பிடுவாள். சும்மா சொல்லக் கூடாது, ஆறிப் போன பிறகும் வறுத்த தேயிலையின் வாசம் கும்மென்று தூக்கும்.

தெய்ஜியின் அக்கா மிட்சுயோவுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எழுபதைத் தாண்டிய மனுஷி, கொரியாமாவிலிருந்து முழங்கால் வலியோடு ரயிலேறி வந்து விடுதியிலேயே தங்கிவிட்டாள். இந்த முறை ஒரு முடிவோடு வந்திருந்தாள்.

"சூடான கஞ்சியை மூடி வச்சா வேர்க்காம என்ன செய்யும்? தெருமுக்கு கோயில்ல இருக்கிற கல் நரிக்கு வச்சாக்கூட வேர்க்கும்டி!"

"வச்சுப் பாருங்க அண்ணி. நரி எந்திரிச்சு வந்து நன்றி சொல்லிட்டுப் போகும்."

"கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." மிட்சுயோ முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். "இங்க பாரு கிகுனோ. எலும்பு இல்ல, கல்லறை இல்ல, போனவங்களுக்கு வைக்கிற பேரு இல்ல. என் தம்பி எங்கேயும் சேர முடியாம நடுவுல நிக்கிறான். நான் கண்ணை மூடறதுக்குள்ள அவனை அப்பா அம்மாகிட்ட சேர்த்துட்டுப் போறேனே. பிக்குகிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்னாரு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"இருக்கிறவருக்கு எதுக்கு அண்ணி கருமாதி?"

இதுதான் அந்த வீட்டில் இருந்த ஒரே சண்டை. கிகுனோ சரி என்று சொன்னால் தெய்ஜி செத்தவர். சொல்லாதவரை உயிரோடிருப்பவர். அந்த ஒரு வார்த்தைக்காக அண்ணி கால்வலியோடு காத்திருந்தாள், இவள் வாயே திறக்கவில்லை.

அந்த வாரம் அருங்காட்சியகத்தில் பழைய அரச பொக்கிஷங்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் கூட்டம், விடுதிகளெல்லாம் நிரம்பி வழிந்தன. கிகுனோவிடம் வந்து சேர்ந்தவர் ஓனுகி. நீகாட்டாவில் படகு என்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, பெருத்த உடம்பு. பொக்கிஷம் என்பதெல்லாம் அவருக்குச் சாக்கு. மனுஷன் சாப்பிடத்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறார்.

முதல் காலையிலேயே வம்பு தொடங்கியது. கஞ்சியில் ஒரு வாய் குடித்துவிட்டு ஓனுகி மூக்கைச் சுளித்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நாரா தேயிலைக் கஞ்சி, தேயிலைக் கஞ்சின்னு ஊரே பேசுதே, இதுல மணமே இல்லையே?"

இதுவரை எந்த விருந்தாளியும் முகத்துக்கு நேரே சொல்லாத குறை. கிகுனோவுக்குச் சுருக்கென்றது. "என் கஞ்சியிலயா மணமில்ல? சார், அடுக்களையில இது கொதிக்கிற வாசத்துக்குத் தெருவுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போவாங்க!"

"எனக்கும்தான் மாடி வரைக்கும் வந்துச்சு. அந்த வாசத்துலதானே எந்திரிச்சே வந்தேன். கிண்ணத்துக்கு வந்ததும் காணோமே."

"வழியில குளிர் புடிச்சிருக்கும். மூக்கடைப்பு."

பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மிட்சுயோ குச்சியை மெதுவாகக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போலத் தம்பி பெண்டாட்டி முகத்தைப் பார்த்தாள். பிறகு ஊறுகாயை எடுத்துக் கடித்தாள்.

அவர் கிளம்பும்போது கிகுனோ வழக்கம்போல வாசலில் நின்று வழி சொன்னாள். தெய்ஜி இருந்த காலத்தில் விருந்தாளிகளை அவரே கூட்டிப் போய்க் காட்டிய அதே சுற்றுதான். கங்கோஜி கோயிலின் பழைய ஓடுகள், பிறகு ஆமைகள் வெயில் காயும் சாருசாவா குளம், பசி எடுக்கும் நேரத்துக்குச் சரியாக யாசுயோ கடை. அங்கே உப்பில் ஊறிய சீமைப்பனிச்சை இலையில் சுற்றிய கானாங்கெளுத்தி சூஷி. சொல்லி முடித்ததும் தெய்ஜி சொல்வதையே அவளும் சொன்னாள்.

"வயிறாரச் சாப்பிட்டு வாங்க!"

சாயங்காலம் ஓனுகி திரும்பி வந்து காலணியைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, நான் பாக்க அவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"ஐயோ, என்ன சார் ஆச்சு?"

"போற இடமெல்லாம் என்னை ரெண்டு பேரா எண்ணறாங்களே! கோயில்ல ரெண்டு சீட்டு கிழிச்சுட்டு, அப்புறம் 'மன்னிக்கணும், ஒருத்தர்தானா?'ன்னு கேக்கறா அந்தப் பொண்ணு. சூஷிக் கடையில உக்காந்ததும் எனக்கு ஒரு கப் டீ, எதுத்தாப்புல ஒரு கப் டீ. 'யாரும் வரலம்மா'ன்னா, அந்தம்மா கப்பைப் பாக்கறாங்க, என்னைப் பாக்கறாங்க, ஒண்ணும் பேசாம எடுத்துட்டுப் போறாங்க. குளத்தாண்ட மாவுருண்டை விக்கிறவன் என் கையில ரெண்டு வச்சுட்டான். சரி, கிடைச்சது லாபம்னு ரெண்டையும் தின்னேன். அதுலயும் ருசி இல்ல. மீனுலயும் ருசி இல்ல. மூக்கு நிஜமாவே போயிடுச்சு போல."

அவர் சிரித்தார். கிகுனோ சிரிக்கவில்லை. கையிலிருந்த துடைக்கும் துணி நழுவிக் கீழே விழுந்தது, அவள் அதை எடுக்கவும் இல்லை.

"எதுத்தாப்புலன்னா, சார், கதவுப் பக்கமா, சுவர்ப் பக்கமா?"

"சுவர்ப் பக்கம். ஏன்?"

யாசுயோ கடையில் தெய்ஜி சுவர்ப் பக்கம்தான் உட்காருவார். கதவுப் பக்கம் விருந்தாளியை உட்கார வைத்துவிட்டு, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கதை அளப்பார். கிகுனோவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் அல்ல. அவளுக்குச் சந்தோஷம்! சின்னப் பெண் மாதிரி கன்னம் சிவந்துவிட்டது. மிட்சுயோ அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை இருமினாள்.

மறுநாள் ஓனுகி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கிகுனோவும் கிளம்பினாள். கஞ்சித் தட்டை அப்படியே விட்டுவிட்டு, மூடியைக்கூடப் பார்க்காமல், வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கினாள். எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் வழி சொன்னவள் அந்தச் சுற்றை ஒரு தடவைகூட நடந்ததில்லை. அவளுக்கு அடுக்களை, படுக்கை விரிப்பு, குளியல் தொட்டி. நடப்பதெல்லாம் தெய்ஜி பாடு.

ஓனுகி முன்னால் ஆடி அசைந்து போனார். அவள் பின்னால் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். ஒடுங்கிய சந்தில் வண்டி ஒன்று வந்தது. ஓனுகி சுவரோரம் ஒதுங்கினார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விடுவதுபோல வண்டிக்காரன் தேவைக்கு மேலேயே விலகிப் போனான். குளக்கரையில் ஒரு மான் ஓனுகியிடம் வந்து தலையை ஆட்டியது. பிறகு அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தும் ஒருமுறை தலையை ஆட்டியது. பிஸ்கட் கேட்கிற மான் வெறும் காற்றிடமா கேட்கும்?

யாசுயோ கடையின் மரச்சட்டத்துக்கு வெளியே நின்று பார்த்தாள். ஓனுகி கதவுப் பக்கம் உட்கார்ந்தார். யாசுயோ தட்டோடு வந்தாள், ஒரு கோப்பையை அவர் முன் வைத்தாள், கை தானாகப் போய் இன்னொன்றைச் சுவர்ப் பக்கத்துக் காலி மெத்தைக்கு முன் வைத்தது. இரண்டிலிருந்தும் ஆவி பறந்தது. ஓனுகியின் கோப்பையிலிருந்து நேராக மேலே போனது. எதிர்க் கோப்பையிலிருந்து எழுந்ததோ விரல்கடை உயரத்தில் சாய்ந்து, சுவர்ப் பக்கமாக வளைந்து, அங்கேயே காணாமல் போனது. யாரோ குனிந்து இழுத்தால் எப்படிப் போகுமோ அப்படி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்பையில் ஆவி அடங்கிவிட்டது. ஓனுகியின் டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

கிகுனோ கடையின் பின்வாசல் வழியாக அடுக்களைக்குள் ஓடினாள்.

"யாசுயோ! வந்துட்டார்! என் வீட்டுக்காரர் வந்துட்டார்!"

யாசுயோ இலை சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். இருவரும் ஒரே வயசு, ஒரே தெரு, பொய் சொல்லிப் பழக்கமில்லாத சிநேகம். பலகையைத் துடைத்துவிட்டு அவளை உட்கார வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டி."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே. உன் விடுதி ஆளுங்க வந்தா மட்டும் என் கை ரெண்டாவது கப்பை வைக்கும். முதல்ல, பழக்க தோஷம், அவர் கூட்டிட்டு வந்து வந்து கை பழகிப் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, உன் வீட்டு ஆளுங்க மட்டும்தான் மீனுல மணம் இல்லம்பாங்க. பக்கத்து மேஜைக்காரன் அதே தட்டுலேர்ந்து எடுத்துத் தின்னுட்டு ஆகா ஓகோங்கறான்."

"அப்போ ஏண்டி என்கிட்ட சொல்லல? இத்தனை வருஷமா நான் வாசல்ல நின்னு வழி பாக்கறேன், இங்க வந்து உக்காந்திருக்கார், நீ ஒரு வார்த்தை சொல்லல!"

"என்னன்னு சொல்றது?" யாசுயோவின் கண் கலங்கிவிட்டது. "நீ மூடியில தண்ணியைப் பாத்துட்டுச் சிரிச்ச முகமா காய்கறிக் கடைக்கு வருவ. உன்கிட்ட போயி, உன் புருஷன் என் கடைக்கு வர்றார், ஆனா மெத்தை அமுங்கலன்னு சொல்லச் சொல்றியா?"

ஓடி வந்த சந்தோஷத்தில் கிகுனோவுக்கு அந்த ஒரு விஷயம் மண்டையில் உறைக்கவே இல்லை. மெத்தை அமுங்காமல் உட்காருகிறவர் யார்? ஆவியை மட்டும் குடித்துவிட்டு டீயை அப்படியே வைக்கிறவர் யார்? வந்துவிட்டார், வந்துவிட்டார் என்று தானே ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கிறாளே, எப்படி வந்தால் இப்படி வர முடியும் என்று யோசிக்கவில்லையே!

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. செருப்போடு சாப்பாட்டு அறை வரை வந்துவிட்டாள். நீல மெத்தைக்கு முன் காலைத் தட்டு அப்படியே இருந்தது. மூடியைத் தூக்கினாள். அரக்கு மூடி கவ்விக்கொண்டு வர மறுத்தது, கிண்ணத்தை இரண்டு பக்கமும் அமுக்கித் திருகியதும் பொக்கென்று திறந்தது. உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர். கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். வறுத்த தேயிலையின் வாசம் மூக்கு வரை ஏறியது. அருமையான வாசம். குறையே சொல்ல முடியாத வாசம்.

ஒரு துளிகூட எடுக்கப்படாத வாசம்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும் அவள் மாரில் அடித்துக்கொண்டாள். மூடிக்கு உள்ளே கோத்து நின்ற நீர் அவர் சுகமாக இருப்பதற்கு அடையாளம் இல்லை. அது அவருடைய சாப்பாடு! தினம் தினம் இவளே மூடி போட்டுச் சாத்தி, வெளியே விடாமல் பிடித்து வைத்த சாப்பாடு. அதைப் பார்த்துத்தான் தினமும் "இருக்கார்" என்று சிரித்திருக்கிறாள். அந்த மனுஷன் நீல மெத்தையில் வந்து உட்கார்ந்து, மூடியைத் தூக்கக் கை இல்லாமல், எட்டு வருஷமாகத் தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பசி பொறுக்காமல்தான் விருந்தாளிகள் தட்டில் மணத்தை முகர்ந்திருக்கிறார். "வயிறாரச் சாப்பிட்டு வாங்க" என்று வாசலில் இவள் சொன்னால், அதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போயிருக்கிறார். பத்து அடி தள்ளி மாடத்தில் அப்பாவும் அம்மாவும் மூடியில்லாத சோற்றை நிம்மதியாகச் சாப்பிட, பிள்ளை தன் சொந்த வீட்டில் அடுத்தவன் கிண்ணத்துக்குக் காத்து நின்றிருக்கிறார்.

மிட்சுயோ சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கஞ்சியை முகர்ந்து பார்த்தாள். பிறகு கிகுனோவின் முதுகில் கை வைத்தாள்.

"நான் வந்த அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டேன். நீ எனக்கு ஊத்தின கஞ்சி மாடத்துச் சோறு மாதிரி இருந்துச்சு."

"ஏன் அண்ணி சொல்லல? கல் நரின்னு கிண்டல் பண்ணத் தெரிஞ்சுதே, இதைச் சொல்லத் தெரியலையா?"

"நான் சொன்னா நீ கேட்டிருப்பியா? வீட்டை விட்டே துரத்தியிருப்ப." மிட்சுயோ மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுவும் இல்லாம, எனக்கும் மனசு வரலடி. தம்பி பக்கத்துல உக்காந்து என் கிண்ணத்துலேர்ந்து சாப்பிடறான்னு தெரிஞ்சப்புறம், சின்ன வயசுல புடுங்கித் திம்பானே, அது ஞாபகம் வந்துடுச்சு. இன்னும் ரெண்டு நாள் சாப்பிடட்டும்னு விட்டுட்டேன்."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் கிகுனோ பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள். விருந்தாளி ஒருவர், வீட்டில் இரண்டு பேர், எதற்கு இவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. தேயிலையை அவளே இரும்புச் சட்டியில் மறுபடி வறுத்துத் துணிப்பையில் கட்டிப் போட்டாள். முதல் நாள் வாங்கி வந்திருந்த காளானையும் கிழித்துப் போட்டாள். தேயிலைக் கஞ்சியில் காளான் போடுவார்களா என்று கேட்டால், போட மாட்டார்கள். அவளுக்குப் போட வேண்டியிருந்தது.

ஓனுகி வந்து உட்கார்ந்தார். மிட்சுயோவும் உட்கார்ந்தாள். அவர்களுக்கு இன்னும் ஊற்றவில்லை. கிகுனோ முதல் கிண்ணத்தை நீல மெத்தைக்கு முன் கொண்டுபோய் வைத்தாள். மூடி கிண்ணத்தின் மேல் இருந்தது, அதன் மேல் அவள் விரல் இருந்தது. திறக்காமல் இருக்கலாம். திறக்காமல் இருந்தால் இன்றைக்கும் நீர் கோக்கும், இன்றைக்கும் அவர் இருப்பார். அந்த ஒரு நொடி அவளுக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

"எனக்குப் புத்தியில்லாமப் போச்சு," என்றாள் மெத்தையைப் பார்த்து. "சாப்பிடுங்க."

மூடியைத் தூக்கினாள். கும்மென்று எழுந்த ஆவி மேலே போகவில்லை. விரல்கடை உயரத்தில் அப்படியே வளைந்து மெத்தைப் பக்கம் சாய்ந்தது. பிறகு எங்கே போனதென்று தெரியாமல் போனது. கொதிக்கக் கொதிக்க வைத்த கஞ்சி, பார்க்கப் பார்க்க ஆறி ஆடை கட்டிவிட்டது. கிகுனோ குனிந்து முகர்ந்தாள். தேயிலையும் இல்லை, காளானும் இல்லை. வெறும் தண்ணீரும் அரிசியும்.

"சாப்பிட்டுட்டார் அண்ணி!"

அதற்குள் அவள் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தாள். அதுவும் போயிற்று. இன்னொன்று. "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று அவள் கேட்கிறாள், பதிலுக்கு நிற்காமல் ஊற்றுகிறாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்கிறவர்களுக்குப் புரியவில்லை. மிட்சுயோ முழங்கால் வலியை மறந்து எழுந்து, அடுப்படியிலிருந்து பானையையே தூக்கி வந்து பக்கத்தில் வைத்தாள். ஓனுகி பாவம், பசியோடு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் நல்ல மனுஷன், என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கிகுனோவுக்கு எட்டாத ஊறுகாய்த் தட்டை எடுத்துத் தானே மெத்தைப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பானை பாதியான பிறகு ஒரு கிண்ணத்திலிருந்து ஆவி நேராக மேலே எழுந்தது. உத்தரம் வரை போய்க் கலைந்தது. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது.

"மூடியில தண்ணி இருந்துச்சா?" என்று மிட்சுயோ மெதுவாகக் கேட்டாள்.

"பாக்கல அண்ணி." கிகுனோ முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிக்குவை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க."

மிட்சுயோ கேட்டு வந்த வார்த்தை அதுதான். கிடைத்ததும் அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

பிறகுதான் விருந்தாளிக்குக் கஞ்சி ஊற்றினார்கள். ஓனுகி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். "அடேயப்பா, இதுக்குத்தாம்மா நான் வந்தேன்!" என்றார். மூன்று கிண்ணம் குடித்தார்.

அவர் வெளியே கிளம்பும்போது கிகுனோ வாசல் வரை வந்தாள். வழி சொல்ல வேண்டியதில்லை, அவருக்குத் தெரியும். "வயிறாரச் சாப்பிட்டு வாங்க" என்று சொல்ல வாயெடுத்து, அவருக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள். சிவப்புக் குரங்கும் வெளுத்த குரங்கும் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஆடின.

சாயங்காலம் ஓனுகி இலை மணக்கும் பொட்டலத்தோடு திரும்பினார். காலணியைக் கழற்றக்கூட இல்லை, வாசலிலிருந்தே சத்தம் போட்டார்.

"அம்மா! என் மூக்கு சரியாயிடுச்சு! என்னா மீனு, என்னா வாசம்! உங்க ஊரைப் பத்திச் சொன்னதெல்லாம் வாபஸ்." பொட்டலத்தை நீட்டியபடி சிரித்தார். "அதோட இன்னொண்ணு. நான் இளைச்சுட்டேன் போலிருக்கு. இன்னிக்கு எனக்கு ஒரே ஒரு கப் டீதான் வச்சாங்க!"

"அப்படியா சார்," என்றாள் கிகுனோ. "நல்லதாப் போச்சு."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சாப்பாட்டு அறையைத் தாண்டும்போது நீல மெத்தையைப் பார்க்காமல் நடந்தாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அரக்கு மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உட்புறம் காய்ந்து கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டு வருஷமாக அழாத அழுகையை அழுதாள்.